கிருமி இருக்குமிடம்

பிப்ரவரி 3
மறுபடி நீர்க்கடுப்பு, விதைக்குப் பின்னால் வலி. ஐந்து நாள் மாத்திரைக்கு அடங்கி, மாதம் திரும்புவதற்குள் வந்துவிடுகிறது. ஒவ்வொரு கல்ச்சரிலும் அதே ஈகோலை.

பிப்ரவரி 6
கிருமி புராஸ்டேட்டுக்குள் தங்கியிருக்கலாம் என்கிறார் யூராலஜிஸ்ட். பல ஆன்டிபயாட்டிக்குகள் அந்தச் சுரப்பிக்குள் போதிய அளவு இறங்குவதில்லையாம். சிறுநீரில் இருப்பது செத்துவிடும், உள்ளே இருப்பது தப்பித்துக்கொள்ளும். மியர்ஸும் ஸ்டேமியும் 1968-இல் எழுதிய நான்கு புட்டிச் சோதனையின் சுருக்கம் எனக்கு: சுரப்பியை விரலால் அழுத்துவதற்கு முன் ஒரு டப்பா, பின் ஒரு டப்பா.

லேப் கவுன்ட்டரில் அந்தப் பெண் இரண்டு சிவப்பு மூடிகளையும் பார்த்து, "ஒரே ஆளுக்கு எதுக்கு சார் ரெண்டு யூரின்?" என்றாள். வரிசை முழுக்கத் திரும்பியது. எனக்கு வாய் வரவில்லை. என் மனைவிதான், "முன்னாடி, பின்னாடின்னு எழுதியிருக்கு பாரும்மா, மாத்திடாதே" என்றாள். வழியெல்லாம் அவளோடு பேசவில்லை.

பிப்ரவரி 10
'முன்'னில் ஒன்றுமில்லை. 'பின்'னில் ஈகோலை. சிப்ரோ, லிவோ இரண்டுக்கும் நேரே 'ஆர்', கிருமி அடங்காது. புராஸ்டேட்டுக்குள் நன்றாக இறங்கும் குடும்பமே எனக்கு உதவாது. கோ-ட்ரைமாக்சசோலுக்கு மட்டும் 'எஸ்', அடங்கும். சல்ஃபா அலர்ஜி உண்டா என்று டாக்டர் கேட்டுக்கொண்டார். வாரக்கணக்கில் சாப்பிட வேண்டும், நடுவில் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். "இந்த வலியோட வர்றவங்கள்ல பத்துல ஒருத்தருக்குக்கூட கிருமி சிக்கறதில்ல. உங்களுக்குச் சிக்கியிருக்கு." அதைப் பிடித்துக்கொண்டு வீடு வந்தேன்.

பிப்ரவரி 27
எரிச்சல் இல்லை. எழுதவே பயமாக இருக்கிறது.

மார்ச் 2
விதைக்குப் பின்னால் அதே வலி. உட்கார முடியவில்லை. மருந்தை மாற்றுங்கள் என்று டாக்டரிடம் கத்தாத குறை. இடுப்படித் தசை இறுகினாலும் இப்படி வலிக்கும், வலியை வைத்துக் கிருமியைக் கணக்குப் போடாதீர்கள் என்றார். வெந்நீரில் உட்காரச் சொன்னார். மனைவி எதுவும் கேட்காமல் அண்டாவை அடுப்பில் ஏற்றினாள்.

மார்ச் 19
டீக்கடையில் ஸ்டோர்ஸ் அண்ணன் காதோரம், "எனக்கும் அதே இடந்தான் தம்பி" என்றார். கல்ச்சர் எடுத்ததே இல்லை. மருந்துக்கடையில் லிவோ வாங்கி அவ்வப்போது போடுகிறார். இப்போது குதிகாலுக்கு மேல் இழுத்துப் பிடிக்கிறதாம். இந்த வகை மருந்துகளால் தசைநார் கிழியக்கூடும் என்று அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2008-லேயே கறுப்புக் கட்டம் போட்டு எச்சரித்தது. "அதை நிறுத்திட்டு இன்னைக்கே டாக்டரைப் பாருங்கண்ணே" என்று சொல்லி, ரெண்டு டப்பா சமாச்சாரம், விரல் பரிசோதனை வரை விளக்கினேன். டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 30
மாத்திரை முடிந்தது. உடனே சோதித்தால் சரியாகத் தெரியாது, சில வாரம் போகட்டும் என்கிறார் டாக்டர். திரும்பி வருவது இதில் சகஜம்; வந்தால் ஃபாஸ்ஃபோமைசின் பார்க்கலாம் என்றார். வரக்கூடாது. இன்று காலை லேசாக எரிந்தது. வெயிலில் அலைந்து தண்ணீர் குறைவாகக் குடித்ததாலும் இருக்கலாம்.