ஏறும் முன் இறங்கப் பழகுவோம்

நமது நாட்டின் மிக உயர்ந்த மலை பிதுருதலாகல. அதன் உயரம் 2,524 மீற்றர். நேபாளத்தில் எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு நடந்து செல்வோர் விமானத்தில் வந்திறங்கும் லுக்லா என்ற சிற்றூரோ 2,860 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அதாவது, நமது நாட்டின் உச்சிக்கும் மேலேதான் அங்கே முதல் அடியே எடுத்து வைக்கிறோம். இந்தச் சிறிய கணக்கைப் புறப்படும் முன்னர் நான் சரியாக யோசித்துப் பார்த்திருந்தால் இக்கட்டுரை வேறு மாதிரி அமைந்திருக்கும்.

2023 ஒக்டோபரில் என் ராத்தாவின் மகனோடு அந்தப் பயணம் போனேன். மருமகனுக்கு 24 வயது. ஊர் உதைபந்தாட்ட அணியில் முன்வரிசையில் ஓடுகிறவன். நானோ நாற்பதைத் தாண்டியவன். வகுப்பறையில் நின்று பாடம் நடத்துவதே எனக்குத் தெரிந்த தேகப்பயிற்சி. "அவனைத் தனியே அனுப்ப எனக்கு மனம் வரல்ல. நீயும் கூடப் போ தம்பி" என்று ராத்தா சொன்னபோது மறுக்க முடியவில்லை. உள்ளூர எனக்கும் ஆசை இருந்தது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

மூன்று மாதம் ஆயத்தமானோம். வாரத்தில் நான்கு நாள் சுபஹுக்குப் பின் நடை. முதுகுப் பையில் தண்ணீர்ப் போத்தல்களை அடுக்கி எட்டுக் கிலோ வரை சுமந்தோம். பருவமற்ற காலத்தில், மழையில் நனைந்தபடி ஆளரவமற்ற பாவாதமலைப் படிகளில் இரண்டு முறை ஏறி இறங்கினோம். சப்பாத்தைப் புறப்படும் நாளில் புதிதாக வாங்கக் கூடாது. குறைந்தது ஆறு வாரமாவது அணிந்து நடந்து பழக வேண்டும். இறக்கத்தில் கால்விரல்கள் முன்னே வந்து இடிக்காதபடி சற்றுத் தாராளமான அளவில் எடுக்க வேண்டும். உடலோடு ஒட்டிய உள்ளாடை பருத்தியில் வேண்டாம். வியர்வையில் நனைந்த பருத்தி குளிரில் காயாது. உடலின் சூட்டையும் உறிஞ்சிவிடும். கம்பளியோ செயற்கை நூலோதான் நல்லது. இறகு அடைத்த தடித்த மேலங்கியையும் உறங்கும் பையையும் விலை கொடுத்து வாங்கத் தேவையில்லை. காத்மண்டுவின் தமேல் பகுதிக் கடைகளில் வாடகைக்குக் கிடைக்கும்.

காப்புறுதிப் பத்திரத்தை வரி வரியாக வாசியுங்கள். பல பத்திரங்கள் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் செல்லாது. 6,000 மீற்றர் வரையும், ஹெலிகொப்டர் மீட்புக்கும் செல்லும் என்று அதில் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். இருதய நோய், ஆஸ்துமா, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் வைத்தியரிடம் காட்டாமல் புறப்படக் கூடாது. உயர நோயைத் தடுக்க அசெட்டசோலமைட் என்ற மாத்திரையை வைத்தியர்கள் கொடுப்பதுண்டு. சல்பா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சாப்பாட்டைப் பற்றி நம்மவர்களுக்குக் கவலை வேண்டாம். வழியெங்கும் உள்ள விடுதிகளில் 'தால் பாத்' என்ற சோறும் பருப்பும் கிடைக்கிறது, முட்டையும் உண்டு. மேல் ஊர்களுக்கு இறைச்சி கீழேயிருந்து நாட்கணக்கில் சுமந்து வரப்படுவதால் அதைத் தவிர்ப்பதே எல்லோருக்கும் நல்லது.

இத்தனையும் செய்தோம். பட்டியலில் எதுவும் விடுபடவில்லை என்று மருமகன் பெருமைப்பட்டான். ஆனால் இத்தனையும் காலுக்கும் தோலுக்கும் செய்த ஆயத்தம்தான்.

உயரத்தில் என்ன நடக்கிறது? காற்றில் ஒட்சிசனின் பங்கு கடலோரத்திலும் மலையுச்சியிலும் ஒன்றுதான்; நூற்றுக்கு 21. ஆனால் மேலே போகப் போகக் காற்றின் அமுக்கம் குறைகிறது. 5,364 மீற்றரில் உள்ள அடிவார முகாமில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஒட்சிசன் கடலோரத்தில் கிடைப்பதில் ஏறக்குறையப் பாதிதான். இந்தக் குறையைச் சமாளிக்க உடல் பழகிக்கொள்ளும். ஆனால் அதற்கு நாட்கள் வேண்டும். பலசாலி என்பதற்காக அது அவசரப்படாது. 1953 மே 29இல் டென்சிங் நோர்கேயுடன் எவரெஸ்டின் உச்சியில் முதன்முதலாக நின்ற எட்மண்ட் ஹிலாரி, 1977இல் கங்கையின் மூலத்தை நோக்கிச் சென்ற பயணத்தில், எவரெஸ்டைவிட எவ்வளவோ தாழ்ந்த மலையில் உயர நோயால் விழுந்தார். ஹெலிகொப்டரில்தான் அவரைக் கீழே கொண்டுவந்தார்கள்.

நோய் புதிதல்ல. 16ஆம் நூற்றாண்டில் பாபரின் உறவினரான மிர்ஸா முஹம்மத் ஹைதர் துக்லாத் தமது 'தாரீகே ரஷீதீ' என்ற பாரசீக வரலாற்று நூலில் இதை விவரித்திருக்கிறார். அவர் எழுதும் பெயர் 'தம்கீரி', அதாவது மூச்சைப் பிடிப்பது. திபெத்தின் உயர்நிலங்களுக்கு வெளியிலிருந்து வருகிறவர்களை இது பிடிக்கிறது, அந்த மண்ணின் மக்களைத் தொடுவதில்லை என்பதை அன்றே கவனித்திருக்கிறார். அவரது சுல்தான் ஸயீத் கான் 1533இல் லடாக் படையெடுப்பிலிருந்து திரும்பும் வழியில் இந்த நோயாலேயே மரணமானார். படையும் பரிவாரமும் இருந்தும் பயனில்லை. இந்தக் கதை எனக்கு ஊரிலேயே தெரியும். தெரிந்திருப்பது வேறு, அதன்படி நடப்பது வேறு.

லுக்லாவின் ஓடுபாதை 527 மீற்றர் நீளம் மட்டுமே. ஒரு முனை மலைச்சுவர், மறுமுனை பள்ளத்தாக்கு. மேகம் மூடினால் விமானம் வராது. எனவே திரும்பும் திகதிக்கும் நாடு திரும்பும் விமானத்துக்கும் இடையில் இரண்டு மூன்று நாட்களை ஒதுக்கி வைக்க வேண்டும். அங்கிருந்து தூத்கோசி ஆற்றின் ஓரமாக, தொங்கு பாலங்களைக் கடந்து, இரண்டாம் நாள் மாலை 3,440 மீற்றரிலுள்ள நாம்சே பஜாரை அடைந்தோம். பிறை வடிவில் மலைச்சரிவைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஊர். எங்கள் வழிகாட்டி ஷேர்பா இனத்தவர், ஐம்பது வயதிருக்கும். மருமகன் முன்னே ஓடும்போதெல்லாம் அவர் சொன்ன சொல் ஒன்றுதான்: "பிஸ்தாரை, பிஸ்தாரை." மெதுவாக, மெதுவாக என்று பொருள்.

3,000 மீற்றருக்கு மேல், இரவில் தங்கும் உயரம் ஒரு நாளைக்கு 500 மீற்றருக்கு மேல் கூடக் கூடாது. மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஓரிடத்திலேயே தங்க வேண்டும் என்பது வைத்தியர்கள் சொல்லும் பொது விதி. அதன்படி நாம்சேயில் ஒரு நாள் தங்கினோம். அன்று ஊருக்கு மேலேயுள்ள மேட்டில் நின்று எவரெஸ்டைத் தூரத்தில் கண்டோம். நானும் மருமகனும் வெகுநேரம் எதுவும் பேசவில்லை.

4,410 மீற்றரிலுள்ள டிங்போச்சேயில் மீண்டும் ஒரு நாள் தங்கினோம். இரவுச் சாப்பாட்டில் மருமகன் பாதித் தட்டை அப்படியே வைத்தான். "பசிக்கல்ல மாமா" என்றான். முகம் சற்று வீங்கியிருந்ததைக் கண்டேன். கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று பிறகு பல இரவுகள் யோசித்திருக்கிறேன். கேட்டால் அவன் உண்மையைச் சொல்லிவிடுவானோ என்ற பயம்தான். மாதக் கணக்கான சேமிப்பு. இன்னும் இரண்டு நாள் நடைதான் மீதி. அவன் தலைவலியை மறைத்து, தெரியாமல் பெனடோல் போட்டுக்கொண்டிருந்தான். நான் எனது கண்ணை மறைத்துக்கொண்டேன். பொய் சொன்னவன் அவன். அதற்குத் துணைபோனவன் நான்.

மறுநாள் துக்லா ஏற்றத்தின் உச்சியில், மலையில் உயிரிழந்தவர்களுக்காக எழுப்பிய கல்மேடைகளைக் கடந்தோம். மருமகன் அங்கே உட்கார்ந்தவன் எழுந்திருக்க நேரமெடுத்தது. 4,940 மீற்றரிலுள்ள லொபுச்சேயை அடைந்ததும் வாந்தி எடுத்தான். வழிகாட்டி அவனை எழுப்பி, விடுதியின் பலகைத் தரையிலிருந்த ஒரு கோட்டைக் காட்டி, ஒரு காலின் குதியை மறுகாலின் விரல் நுனியில் ஒட்டி வைத்து நடக்கச் சொன்னார். பந்தைக் காலில் ஒட்டிக்கொண்டு ஓடுகிறவன், நாலாவது அடியில் சுவரைப் பிடித்தான்.

தலைவலி, குமட்டல், களைப்பு, தூக்கமின்மை ஆகியவை முதல் எச்சரிக்கைகள். அவை இருக்கும் வரை மேலே போகக் கூடாது. நடை தள்ளாடினாலோ பேச்சுக் குழம்பினாலோ மூளையில் நீர் கோர்க்கிறது என்று அஞ்ச வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர் என்று அஞ்ச வேண்டும். இரண்டும் உயிருக்கு ஆபத்து. இரண்டுக்கும் முதல் மருந்து ஒன்றே. கீழே இறங்க வேண்டும், உடனே, இரவென்றாலும்.

"விடிந்ததும் பார்ப்போமே" என்றேன். வழிகாட்டி என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. அவனுடைய பையைத் தான் மாட்டிக்கொண்டு, அவனைத் தோளில் தாங்கினார். சூரியன் மறையும் வேளையில் இறங்கத் தொடங்கினோம். "மாமா, என்னால உங்கட பயணமும் கெட்டுப் போச்சு" என்று வழியெல்லாம் அழுதான். ஏறக்குறைய 600 மீற்றர் கீழே, பெரிச்சே என்ற ஊரில் ஹிமாலய மீட்புச் சங்கத்தின் மருத்துவ நிலையம் இருக்கிறது. 1973 முதல் பயணப் பருவங்களில் இயங்கி வருவது. நடைப் பயணிகளுக்கு உயர நோய் பற்றி அங்கே தினமும் விளக்கம் சொல்கிறார்கள். நாங்கள் போகும்போது டிங்போச்சே வழியாகப் போனதால் அதைக் கேட்கும் வாய்ப்பு இருக்கவில்லை. அன்றிரவு அவனுக்கு ஒட்சிசன் கொடுத்தார்கள். நான் சுவரோரம் உட்கார்ந்து அவனது மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். ராத்தாவுக்கு என்ன சொல்வது என்பது மட்டுமே மனதில் ஓடியது. விடிந்தபோது அவன் கண் விழித்து, பசிக்கிறது என்றான். அதைவிட இனிய சொல்லை நான் கேட்டதில்லை. இரண்டு நாளில் நாம்சேக்கு நடந்தே இறங்கினோம்.

அடிவார முகாமை நாங்கள் காணவில்லை. அதில் வெட்கமில்லை என்பதை இப்போது அறிவேன். 2016 மே 21இல் ஜயந்தி குரு உதும்பால எவரெஸ்டின் உச்சியை அடைந்த முதல் இலங்கையரானார். அவரோடு சென்ற ஜொஹான் பீரிஸ், 8,400 மீற்றரில், உச்சிக்குச் சில நூறு மீற்றர் கீழே திரும்பினார். திரும்பியதால் உயிரோடு இருந்தார். உயிரோடு இருந்ததால் 2018இல் மீண்டும் போய் உச்சியைத் தொட்டார்.

எனவே, உங்கள் பிள்ளைகள் இத்தகைய பயணத்துக்கு ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள். சப்பாத்தையும் காப்புறுதியையும் சரிபாருங்கள். அதன்பின் புறப்படும் முன் கூடப் போகிறவர்கள் எல்லோரும் உட்கார்ந்து மூன்று விடயங்களைப் பேசி முடிவு செய்யுங்கள். தலைவலியை யாரும் மறைப்பதில்லை. ஒருவர் முகம் வாடினால் மற்றவர் கேட்காமல் இருப்பதில்லை. ஒருவர் திரும்பினால் அவர் தனியே திரும்புவதில்லை. எங்கள் பட்டியலில் விடுபட்டவை இந்த மூன்றுமே.

மருமகன் மீண்டும் போகப் பணம் சேர்க்கிறான். இம்முறை நாட்களைக் கூட்டித் திட்டமிட்டிருக்கிறான். ராத்தா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் விடியற்காலையில் மறுபடி நடக்கத் தொடங்கியிருக்கிறேன், மெதுவாக.