யாத்திரைக்கு ஏற்ற வண்டி

காஞ்சிபுரத்தில் வாடகை வண்டித் தொழில் நடத்துகிறவனிடம் தொலைபேசியில் பேசுகிறவர்கள் முதலில் சொல்வது ஆள் கணக்கு. ‘ஆறு பேர் வருகிறோம், ஏழு பேர் வண்டி ஒன்று போதும்’ என்று முடிவையும் அவர்களே சேர்த்துச் சொல்லிவிடுவார்கள். எண்ணிக்கை அவசியந்தான், ஆயினும் கூட வரும் முதியவரின் முழங்கால் எப்படி, திரும்பும்போது சாமான் எவ்வளவு சேரும் என்னும் இரண்டு கேள்விகளும் அதற்கு முந்தியவை என்பது இத்தொழிலில் நான் கண்ட சித்தாந்தம்.

எண்ணிக்கையிலேயே ஒரு மயக்கம் உண்டு. ஏழு பேர் வண்டி என்று சொல்லப்படும் எர்டிகாவில் ஓட்டுநரின் இடம் போக மிஞ்சுவது ஆறுதான். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும் ஓட்டுநரை நீக்கியே எண்ணுகிறது: பிரயாணிகள் ஆறு பேர் வரையில் மோட்டார் கேப், அதற்கு மேல் பன்னிரண்டு பேர் வரையில் மேக்ஸி கேப். அந்த ஆறு பேரும் அமர்ந்த பிறகு எர்டிகாவின் பின்புறத்தில் எஞ்சும் இடம் 209 லிட்டர். அதைவிடக் குட்டையான டிசையரின் டிக்கியோ ஏறத்தாழ 380 லிட்டர் கொள்ளும். சிஎன்ஜி சிலிண்டர் வைத்த டாக்ஸியானால் அந்த டிக்கியிலும் பெரும்பகுதி போய்விடுமாதலால், பேசும்போதே அதைக் கேட்டுக்கொள்வது விவேகம்.

இவ்வூருக்குச் சென்னையிலிருந்து வருகிறவர்களில் பலர் காலையில் காமாட்சியம்மனையும் ஏகாம்பரநாதரையும் சேவித்து, நடு மத்தியானத்தில் கோயில்கள் நடை சாத்தியிருக்கும் வேளையைக் காந்தி ரோட்டுப் பட்டுக் கடைகளில் கழித்து, மாலையில் சின்ன காஞ்சிபுரம் சென்று வரதராஜரைத் தரிசிப்பவர்கள். முகூர்த்தப் புடவையும் சம்பந்தி வீட்டாருக்கான புடவைகளும் மாலை முழுவதும் வண்டியிலேயே இருக்க நேர்வதால், வண்டியே பண்டசாலையாகிவிடுகிறது. பட்டுக்கு ஈரமும் எண்ணெயும் ஆகா; ஜரிகையின்மேல் பாரம் ஏறினால் மடிப்பு விழும். கேரியரில் ஏற்றுவது தகாது. நெய் மணக்கும் கோயில் இட்லிப் பொட்டலத்தோடு ஒரே பையில் வைப்பதும் தகாது. நால்வர் கல்யாணப் பட்டு எடுக்க வருகிறார்கள் என்றால், கண்ணாடி வழியாகச் சாமான் தெரியும் பெரிய வண்டியைவிட, பூட்டிய டிக்கியுள்ள சிறிய காரையே நான் சிபாரிசு செய்வேன்.

முழங்காலைப் பற்றிய விஷயம் இதனினும் நுட்பமானது. தாழ்ந்த இருக்கையுள்ள காரில் மூட்டுவலிக்காரர் உட்கார்ந்துவிடுவார், எழுந்திருக்கத்தான் பிறர் கை வேண்டும்; டெம்போ டிராவலரிலோ ஏறுவதற்கே படியோடு போராட வேண்டும். இன்னோவாவின் நடு இருக்கை ஏறத்தாழ இடுப்பின் உயரத்தில் அமைந்திருப்பதால், ஒன்றன்பின் ஒன்றாகப் பல சந்நிதிகளில் இறங்கி ஏற வேண்டிய தினத்தில் அதற்குக் கொடுக்கும் அதிக வாடகை வீண் செலவாகாது. மூன்றாம் வரிசை இளையவர்களுக்கு உரியது. நடு இருக்கையை மடித்து உள்ளே நுழைய வேண்டிய இடத்தில் பாட்டியை அமர்த்துவது மரியாதையும் அன்று, சௌகரியமும் அன்று.

இனி வீதியின் அகலம். வைகாசிப் பிரம்மோற்சவத்தில் வரதராஜர் மூன்றாம் நாள் கருட வாகனத்திலும் ஏழாம் நாள் திருத்தேரிலும் எழுந்தருள்வதுபோல, பிரயாணிக்கும் செல்லும் காரியத்துக்கு ஏற்ற வாகனம் வேண்டும். தேர் வரும் பெரிய வீதிகளில் வேனும் போகலாம். நெசவாளரைத் தறியருகே கண்டு புடவை எடுக்கப் பிள்ளையார்பாளையம் போகிறவர்கள், காலை வேளையில் பாவு நூலை வீதி நீளத்துக்கு விரித்து நெசவாளர்கள் வேலை செய்வதைக் காணக்கூடும். அங்கே வண்டியைத் தெருமுனையில் நிறுத்தி நடந்து போவதே முறை. அவ்வாறு ஒதுங்கி நிற்க நாலு மீட்டருக்கு உட்பட்ட கார் இடைஞ்சலில்லாதது. கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்துள்ள வாடகைக் காரைத் தாமே ஓட்டி வருகிறவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். வரதராஜர் கோயிலின் அத்திவரதர் வைபவம் நடந்த 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரையிலான 48 நாட்களில் சிறிது பெரிது என்ற பேதமின்றி வெளியூர் வண்டிகள் பலவும் ஊருக்கு வெளியே நிற்க வேண்டியதாயிற்று. உற்சவ காலத்தில் பெரிய வண்டிக்குக் கொடுக்கும் பணம் கோயில் வாசல்வரை கொண்டுபோய் விடாது.

பத்துப் பேர் என்றால் ஒரு வேனா, இரண்டு கார்களா என்ற விவாதம் எழும். இரண்டு கார்களானால் சுங்கமும் ஓட்டுநர் பேட்டாவும் இரண்டு தடவை கொடுக்க வேண்டும். அதோடு, புடவையைத் தீர்மானிக்க வேண்டிய அத்தை பின்னால் வரும் காரில் இருந்தால் கடையில் முன்னே வந்தவர்கள் நிறத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். ஒரே காரியத்துக்கு வருகிறவர்கள் வேனில் வருவதே நன்று; பாதிப் பேர் கோயிலுக்கும் பாதிப் பேர் கடைக்குமாகப் பிரிவதானால் இரண்டு கார்களே உத்தமம்.

ஆகவே வாடகை வண்டிக்குப் பேசும் அன்பர்கள், ‘எத்தனை பேர்’ என்பதோடு நிறுத்தாமல், மூத்தவர் வயது, முதலில் போகும் இடம், வாங்க உத்தேசித்திருக்கும் பொருள் ஆகியவற்றையும் சொல்லிவிடுங்கள். அதைக் கேட்ட பிறகும் உள்ளவற்றில் பெரிய வண்டியையே தலையில் கட்டப் பார்க்கிறவரிடம் வண்டி எடுக்காதீர்கள்.