ஒரு மணி நேர வேலை

போன மாசம் எங்க வீட்டுக்கு பிஎல்எஃப்எஸ் கணக்கெடுப்புக்கு வந்திருந்தாங்க. வேலையின்மை விகிதம்னு நியூஸ்ல பார்ப்பீங்களே, அதுக்காக மத்திய அரசு 2017-லிருந்து நடத்துற சர்வே.

"போன ஏழு நாள்ல ஏதாவது வேலை பார்த்தீங்களா தம்பி?"

"இன்னும் பிளேஸ் ஆகல சார்."

"ஒரு மணி நேரமாவது?"

ஞாயிற்றுக்கிழமை அப்பா கல்யாணத்துக்குப் போனதால கடையில உட்கார்ந்தேன். சம்பளம்? ஒரு டீகூட இல்ல. ஆனா வாராந்திரக் கணக்குப்படி, ஏழு நாள்ல ஒரு மணி நேரம் குடும்பக் கடையில சும்மா உதவினாலும் வேலையில் இருப்பவர்தான். பிளேஸ்மென்ட் செல்லுக்கு இது தெரியாம இருக்கணும்!

அக்கா பி.இ. முடிச்சு மூணு வருஷம். நாள் முழுக்கச் சமையல், பாட்டியைப் பார்த்துக்கிறது. இதெல்லாம் அங்கே வேலை இல்லை.

"வேலை தேடுறாங்களா? கிடைச்சா போவாங்களா?"

"இல்லைங்க, வீட்லதான்," என்றாள் அம்மா.

தேடவும் இல்லை, போகத் தயாராவும் இல்லைன்னா உழைப்பாளர் கணக்கிலேயே வர மாட்டாங்க. வேலையின்மை விகிதம் ஒரு பின்னம். அக்கா அதுல மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை.

அக்கா அடுப்படியிலதான் இருந்தாள். நானும் அவளைக் கூப்பிட்டுக் கேட்கலை.