புதுப்பேட்டை மீட்டர்காரர்

சென்னை புதுப்பேட்டையில் காரை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துவிடுவார்கள் என்பது ஊரறிந்த செய்தி. அதே வட்டாரத்தில், செத்துப்போன மீட்டர்களுக்கு உயிர் கொடுக்கும் பெரியவர் ஒருவர் இருப்பது, பழைய கார் வைத்திருக்கும் நண்பர் சொல்லித்தான் எனக்குத் தெரியவந்தது. ஒருவர் மட்டுமே உட்காரக்கூடிய கடை. அலமாரியில் சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, உத்தர்பாராவில் உருவான அம்பாசடர் என்று பழைய வண்டிகளின் டயல்கள். 2014இல் அம்பாசடர் உற்பத்தி நின்றபின் அவருக்கு வேலை பாதியாகக் குறைந்துவிட்டது.

நாங்கள் போனபோது, அறுபதுகளின் பிரிட்டிஷ் கார் ஒன்றின் சொந்தக்காரர் வாசலில் நின்றிருந்தார். வண்டி கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் டெம்பரேச்சர் முள் சிவப்புக்கு ஏறிவிடுகிறதாம், ரேடியேட்டரோ கொதிப்பதில்லை.

பெரியவர் மீட்டரைத் தொடவே இல்லை. “பெட்ரோல் முள்ளு எப்படி இருக்கு தம்பி?”

“அதுவும் ஏத்தித்தாண்ணே காட்டுது. பாதி டாங்க்குதான் இருக்கு, ஃபுல்லுங்குது.”

“அப்போ மீட்டர் நல்லா இருக்கு.”

அந்தக் காலத்துப் பல பிரிட்டிஷ் கார்களில் இரண்டு மீட்டருக்கும் மின்சாரம் ஒரே ஸ்டெபிலைசர் வழியாகத்தான் போகும். பேட்டரியின் 12 வோல்ட்டை விட்டு விட்டு அனுப்பி, சராசரியாக 10 வோல்ட் ஆக்கித் தரும் சின்ன டப்பா அது. அதன் எர்த் விட்டுப்போனால் விட்டு விட்டுப் போவது நின்று, முழு வோல்ட்டும் பாயும்; இரண்டு முள்ளும் சேர்ந்தே ஏறும். டப்பாவைப் பிடித்திருந்த ஸ்க்ரூவைக் கழற்றி, அடியில் இருந்த துருவை உப்புத்தாளால் தேய்த்து மாட்டினார். முள் இரண்டும் இறங்கின. டெம்பரேச்சர் முள் மட்டும் தப்புக் காட்டியிருந்தால் இன்ஜினில் உள்ள சென்சாரைப் பார்த்திருப்பாராம். முள் எப்போதும் கீழேயே கிடந்தால், முதலில் தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று கேட்பார். அதைக் கழற்றி எறிவது நம்மூர் மெக்கானிக்குகளின் நெடுநாள் பழக்கம்.

ஆனால் அவருடைய உண்மையான வித்தை, மின்சாரமே இல்லாத இன்னும் பழைய டெம்பரேச்சர் மீட்டர்களில்தான் இருக்கிறது. இன்ஜினுக்குள் செருகிய செம்புக் குமிழ், அதிலிருந்து மீட்டர் வரை வரும் மயிரிழைக் குழாய், உள்ளே ஈதர். சூட்டில் ஈதரின் ஆவி அழுத்தம் ஏறி முள்ளைத் தள்ளும். குழாய் எங்காவது ஒடிந்தால் ஈதர் பறந்துவிடும். மீட்டர் கதை முடிந்தது.

பெரியவர் ஈதர் உள்ள ஒரு மலிவான புது மீட்டரை வாங்கி, அதன் குமிழை ஐஸும் உப்பும் கலந்த கிண்ணத்தில் புதைக்கிறார். ஈதர் முழுதும் குளிர்ந்து குமிழுக்குள் இறங்கியதும் குழாயை வெட்டி, பழைய மீட்டரின் குழாயோடு சேர்த்து, இணைப்பின் மேல் சின்னச் செம்புக் குழாய்த் துண்டு போட்டு ஈயப் பற்று வைக்கிறார். ஈதர் 35 டிகிரிக்குள் கொதித்துவிடும். சென்னை வெயிலுக்கு அது தாங்காது. நெருப்புப் பட்டால் குப்பென்று பிடிக்கும். அதனால் இந்த வேலை விடியற்காலையில் மட்டும். பிறகு குமிழைக் கொதிக்கும் தண்ணீரில் விடுவார். பாரன்ஹீட் டயலில் முள் 212ஐத் தொட வேண்டும். தொடாவிட்டால் முள்ளைக் கழற்றி மறுபடி பொருத்துவார்.

இத்தனைக்கும் கிடைப்பது சில நூறு ரூபாய். காரைப் புதுப்பித்துத் தரும் இடைத்தரகர்கள் இதே வேலைக்கு ஆயிரக்கணக்கில் பில் போடுகிறார்கள். பில்லில் பெரியவரின் பெயர்கூட வராது. விடியலில் ஐஸ் கட்டியோடு உட்கார்ந்தவருக்கு எச்சில் காசு, போன் போட்டவருக்கு லாபம் என்பது பச்சை அநியாயம். பெரியவரின் மகன் கார் ஏசி வேலைக்குப் போய்விட்டான். அவனைக் குறை சொல்ல முடியுமா?

பழைய கார் வைத்திருப்பவர்களே, உங்கள் மீட்டரைத் திறந்தது யார் என்று கேளுங்கள். அவரை நேரில் போய்ப் பாருங்கள், கூலியை அவர் கையிலேயே கொடுங்கள்.