மூன்றில் இரண்டு பங்கு எங்கே போனது?

ஒரு நொடிக்குள் உங்கள் கட்டைவிரல் நகத்தின் வழியாகச் சூரியனிலிருந்து வரும் பல ஆயிரம் கோடி நியூட்ரினோக்கள் புகுந்து போய்விடுகின்றன. பயப்பட வேண்டாம், ஒன்றும் ஆகாது! அவற்றுக்கு மின்னூட்டம் கிடையாது, நிறையும் மிக மிகக் குறைவு. பூமியையே துளைத்து மறுபக்கம் போய்விடும்.

அவற்றின் மதிப்பே அதில்தான் இருக்கிறது. சூரியனின் மையத்தில் பிறக்கும் ஆற்றல் ஒளியாக வெளியே வரப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகும். அங்கேயே பிறக்கும் நியூட்ரினோ சுமார் எட்டே நிமிடங்களில் நம்மிடம் வந்துவிடுகிறது. சூரியனின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி ஏது?

ஆனால் எதிலும் சிக்காததை எப்படிப் பிடிப்பது? அமெரிக்க விஞ்ஞானி ரேமண்ட் டேவிஸ், தெற்கு டகோட்டாவின் ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்தில் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்தில் ஒரு தொட்டியை வைத்தார். காஸ்மிக் கதிர்களின் தொல்லையை மேலே உள்ள பாறை தடுத்துவிடும். தொட்டிக்குள் சுமார் 3,80,000 லிட்டர் டிரை கிளீனிங் திரவம்! எப்போதாவது ஒரு நியூட்ரினோ மோதினால் அதிலுள்ள ஒரு குளோரின் அணு ஆர்கானாக மாறும். அந்தச் சில ஆர்கான் அணுக்களை ஹீலியத்தால் வெளியேற்றி எண்ண வேண்டும். கடலில் கரைத்த பெருங்காயத்தைத் திரும்ப எடுப்பது மாதிரி.

1968-ல் வந்த முதல் முடிவிலேயே கணக்கு இடித்தது. பிறகு எத்தனை முறை எண்ணியும், ஜான் பாக்கால் கணித்ததில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைத்தது. சோதனை தவறு என்றார்கள் சிலர். சூரியனைப் பற்றிய கணக்கே தவறு என்றார்கள் வேறு சிலர். டேவிஸ் கருவியைத் திரும்பத் திரும்பச் சோதித்தார். எண் மாறவில்லை. அவரும் அதை மாற்றவில்லை.

கடைசியில் இரண்டுமே சரி! நியூட்ரினோவில் மூன்று வகை உண்டு. வரும் வழியிலேயே வகை மாறிவிடும். டேவிஸின் தொட்டி ஒரு வகையை மட்டுமே பிடிக்கும். 2002-ல் கனடாவின் சட்பரி ஆய்வகம் மூன்று வகைகளையும் சேர்த்து எண்ணியபோது கணக்கு நேரானது. நிறையே இல்லை என்று நினைத்திருந்த நியூட்ரினோவுக்கு நிறை உண்டு என்பதும் உறுதியானது.

அதே ஆண்டு டேவிஸுக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது அவருக்கு வயது 87. பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் ஒருவர் ஜப்பானின் மசாதோஷி கொஷிபா. 1987-ல் வெடித்துத் தெரிந்த ஒரு நட்சத்திரத்தின் நியூட்ரினோக்களைப் பிடித்தது அவருடைய குழு.

முப்பது ஆண்டுகளில் டேவிஸ் எண்ணியது சுமார் 2,000 அணுக்கள். விடை ஒத்துவரவில்லை என்று ரெக்கார்டு நோட்டில் அளவுகளைத் திருத்தப் போகும் நண்பர்களே, ஒரு நிமிடம் அவரை நினைத்துப் பாருங்கள்!