ஆயா முந்திக்கொண்ட மாதங்கள்

குளுவாங் ரயில் நிலையத்தில் 1938இல் ஒரு சீனக் குடும்பம் கோப்பிக் கடை தொடங்கியது. எழுபதுகளில், சம்பளத்துக்கு மறுநாள் தாத்தா என்னை ரப்பர் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் ஏற்றி அங்கே பசியாறக் கூட்டிப்போவார். பளிங்குக்கல் மேசை. வாட்டிய ரொட்டிக்கு நடுவே காயாவும் வெண்ணெயும். அரைவேக்காட்டு முட்டைமேல் கொஞ்சம் கிச்சாப்பு, மிளகுத்தூள். கனத்த பீங்கான் கோப்பையில் வரும் கறுத்த கோப்பியைத் தாத்தா தட்டில் ஊற்றி, ஊதி, விளிம்பில் வாய்வைத்து உறிஞ்சுவார். கடைசி இரண்டு மடக்கு எனக்கு.

எல்லா மாதமும் அது வாய்க்காது. தோட்டத்தில் இன்னொரு கடை இருந்தது: தகரக் கூரை போட்ட கள்ளுக்கடை. சம்பள நாளில் ஆயா வெட்டுக்காட்டிலிருந்து நேரே ஆபீஸ் வாசலுக்குப் போய் நின்றுவிடுவார். அவர் முந்திக்கொண்டால் எங்களுக்குக் குளுவாங். கள்ளுக்கடை முந்திக்கொண்டால், லயத்தில் அன்றிரவு சண்டை. மாதம் முழுக்கக் கடைக்காரரிடம் கடன்.

தாத்தா கெட்டவர் இல்லை. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நாளெல்லாம் பால் மரம் சீவி, பால்வாளி சுமந்தவர். அந்த உடம்புவலிக்குத் தோட்டத்தில் கிடைத்த மருந்து கள் ஒன்றுதான். பல தோட்டங்களில் அரசு அனுமதியோடு நிர்வாகமே கள்ளுக்கடை நடத்தியது. கொடுத்த கூலி, கொடுத்த கைக்கே திரும்பியது.

கோப்பிக் கடை பிறந்த அதே 1938இல்தான், ரப்பர் விலை சரிந்ததென்று முதலாளிகள் கூலியைக் குறைத்தார்கள். அதன்பேரில் இந்திய அரசு ஜூன் மாதம், உதவிப் பயணத்தில் தொழிலாளர்கள் மலாயாவுக்கு வருவதைத் தடைசெய்தது. கங்காணி ஆள்கட்டி வந்த காலம் அதோடு முடிந்தது. மூன்று வருடம் கழித்து, 1941இல், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வோடு அவர்கள் கேட்டவற்றில் கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்று. துரை முன்னால் சைக்கிளில் போகும் உரிமை இன்னொன்று. குடியையும் மானத்தையும் அவர்கள் ஒரே கணக்கில் வைத்தார்கள். அந்தப் போராட்டத்தைத் துப்பாக்கியால் அடக்கினார்கள்.

ஆபீஸ் வாசலில் ஆயா தனியாக நின்று நடத்தியதும் அதே போராட்டம்தான் என்று இப்போது புரிகிறது. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கிள்ளானில் நடந்ததை அவர் கேள்விப்பட்டிருந்தாரா என்று நான் கேட்டுவைக்கவில்லை.

குளுவாங் கோப்பிக்கு இன்று நாடெங்கும் பெயர். ஆண்டைச் சொல்லி, படம் எடுத்து, பெருமையோடு அதன் கதையைச் சொல்கிறார்கள். அதற்கு அந்தக் கடை முழுக்கத் தகுதியானது. எங்கள் கள்ளுக்கடைக்கு ஒரு படம்கூட இல்லை. கித்தா மரங்களை வெட்டிச் செம்பனை நட்டபோது லயத்தோடு அதுவும் போய்விட்டது. அது மறைந்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஆபீஸ் வாசலில் நம் பெண்கள் காத்து நின்றதும் அதோடு சேர்ந்து மறைந்துவிடக் கூடாது.

உங்கள் வீட்டிலும் தோட்டத்தில் வாழ்ந்த பெரியவர் யாராவது இருப்பார். கள்ளுக்கடை எந்தப் பக்கம் இருந்தது, சம்பள நாளில் ஆபீஸ் வாசலில் யார் நின்றார்கள் என்று கேளுங்கள். கேட்டதை அன்றைக்கே எழுதி வையுங்கள்.