சிலந்தி வலையும் ஒரு கோப்பைப் புளிப்பு பீரும்

‘காலைப் பனியில் பார்த்தால் என் நெல் வயல் முழுக்கச் சிலந்தி வலையாகத் தெரிகிறது. என்ன மருந்து அடிக்கலாம்?’ என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். ‘எதுவும் வேண்டாம்’ என்று ஒரு வரியில் பதில் எழுதியிருக்கலாம். ஆனால், அந்தக் கடிதம் கைக்கு வந்தபோது நான் பெல்ஜியத்தில் மகள் வீட்டிலிருந்து திரும்பிச் சில வாரங்களே ஆகியிருந்தன. அங்கே ஒரு பீர் ஆலையில், சிலந்தி வலைகளைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்து ஒரு கோப்பை பீரைச் சுவைத்தேன். அதையும் சொன்னால்தான் என் பதில் முழுமையாகும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. குடியால் நிலத்தை விற்ற குடும்பங்களை, வேலை பார்த்த ஊரெல்லாம் பார்த்திருக்கிறேன். யாரையும் குடிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. “அப்பா, நீங்க காலேஜ்ல படிச்ச நுண்ணுயிரியலை நேர்ல பாக்கலாம், வாங்க” என்று மகள்தான் அழைத்துப் போனாள்.

பிரஸ்ஸல்ஸ் நகரத்தின் ஆண்டர்லெக்ட் பகுதியில் இருக்கிறது கான்டியோன் ஆலை. 1900-ல் தொடங்கிய குடும்பத் தொழில். 1978 முதல் அதையே அருங்காட்சியகமாகவும் திறந்து வைத்திருக்கிறார்கள். இங்கே காய்ச்சுவது லாம்பிக் என்ற வகை. முளைகட்டிக் காயவைத்த பார்லியோடு, மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு முளைகட்டாத கோதுமையும் சேர்க்கிறார்கள். மற்ற ஆலைகளில் வளர்த்தெடுத்த ஈஸ்ட்டைப் போடுவார்கள். இங்கே எதுவும் போடுவதில்லை. காய்ச்சிய சாற்றைப் பரணில் இருக்கும் செம்புத் தொட்டியில் ஊற்றி, இரவு முழுக்கத் திறந்தே வைக்கிறார்கள். பெரிய தாம்பாளம் போன்ற தொட்டி. ஆழம் ஒரு முழம்கூட இருக்காது. இரவுக் காற்றிலும் கட்டடத்திலும் இருக்கும் நுண்ணுயிர்கள்தான் உறை. குளிர்ந்த இரவுகள் வேண்டும் என்பதால், பருவம் ஏறக்குறைய அக்டோபர் முதல் ஏப்ரல் வரைதான். வெயில் காலத்தில் வேண்டாத கிருமிகள் முந்திக்கொள்ளும்.

மறுநாள் காலையில் சாறு மரப்பீப்பாய்க்குப் போகிறது. அங்கே ஒன்று முதல் மூன்று ஆண்டுகள் கிடக்கும். முதலில் ஒரு கூட்டம் வேலை செய்து ஓயும், பிறகு ஈஸ்ட், அதன்பின் புளிப்பைத் தரும் லாக்டிக் அமில பாக்டீரியா, கடைசியாக, மெதுவாக வேலை செய்யும் பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட். 1904-ல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் கிளாசன் என்பவர் வைத்த பெயர் அது. ‘பானத்தைக் கெடுக்கும் ஈஸ்ட்’ என்றுதான் நான் அதைப் படித்தேன். இங்கே அதற்காகத்தான் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். திரவத்தின் மேல் ஆடை படிந்து, காற்று உள்ளே போகாமல் காக்குமாம்.

பீப்பாய் அறையில்தான் நான் நின்றுவிட்டேன். மூலைகளிலும் உத்திரத்திலும் ஒட்டடை. “இவ்வளவு பெரிய ஆலை, ஒட்டடை அடிக்க ஆள் இல்லையா?” என்றேன். மகள் சிரித்தாள். “அடிக்கவே கூடாதுப்பா. புளிப்பு வாசத்துக்கு வர்ற ஈயை அதுங்கதான் பிடிக்குது. மருந்து அடிச்சா காத்துல இருக்கிற ஈஸ்ட் என்னாகும்?”

அதே ஆலையில், பீப்பாயைக் கழுவும் இடத்தையும் பார்த்தேன். உள்ளே வெந்நீரும் சங்கிலியும் போட்டு உருட்டுகிறார்கள். சங்கிலி உரசி உரசிப் பழைய படிவெல்லாம் வந்துவிடும். சுத்தம் தெரியாதவர்கள் அல்ல அவர்கள். எதைக் கழுவ வேண்டும், எதைத் தொடக் கூடாது என்று தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

சுற்றிப் பார்த்து முடிந்ததும், ‘ஐரிஸ்’ என்ற வகையில் ஒரு பாட்டில் வாங்கினாள். பிரஸ்ஸல்ஸின் சின்னமான மஞ்சள் பூவின் பெயர். இதில் கோதுமை கிடையாது, பார்லி மட்டும். மற்ற லாம்பிக்கில் இரண்டு மூன்று ஆண்டு பழைய ஹாப்ஸ் பூவைப் போடுவார்கள். கசப்பு போயிருக்கும், வேண்டாத பாக்டீரியாவை அடக்கும் குணம் மட்டும் இருக்கும். ஐரிஸில் புதுப் பூவும் உண்டு. பீப்பாயில் இரண்டு ஆண்டு கிடந்த பிறகு, பாட்டிலில் அடைப்பதற்கு முன் மறுபடியும் புதுப் பூவை ஊறவைக்கிறார்கள். ஹாப்ஸ் என்பது கொடி. ஆண், பெண் தனித்தனிக் கொடிகள். பெண் கொடியின் பூவில் இருக்கும் மஞ்சள் துகளில்தான் கசப்பும் மணமும்.

கோப்பையை மூக்கருகே கொண்டு போனதும் எனக்கு வந்தது மாட்டுக் கொட்டகை வாசனை. நனைந்த வைக்கோல், ஈரத்தோல், அதன் மேல் பசும்புல். அருவருப்பு வரும் என்று நினைத்திருந்தேன், வரவில்லை. நமக்குப் பழகிய வாசனைதானே. நாக்கில் முதலில் எலுமிச்சைப் புளிப்பு. அடுத்து வேப்பம்பூ போல ஒரு கசப்பு. கடைசியில் மரத்தின் துவர்ப்பு. இனிப்பு துளியும் இல்லை. இருந்த சர்க்கரையை எல்லாம் நுண்ணுயிர்கள் தின்று தீர்த்திருந்தன. இரண்டு மிடறு குடித்தேன். மூன்றாவது மிடறுக்கு மனம் அங்கே இல்லை.

பணியில் சேர்ந்த புதிது. பெரியவர் ஒருவர் நெல்லில் இலைச்சுருட்டுப் புழு என்று வந்து நின்றார். வயலைப் போய்ப் பார்த்தேன். புழு இருந்தது, சிலந்தியும் ஏராளமாக இருந்தது. புழுவை எண்ணினேன், சிலந்தியை எண்ணவில்லை. செயற்கை பைரித்ராய்டு மருந்தை இரண்டு முறை அடிக்கச் சொன்னேன். வயல் கண்ணாடி போல ஆனது. கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் புகையான் இறங்கி, வட்ட வட்டமாகத் தீய்ந்தது. சிலந்தியைக் கொன்று, புகையானுக்குக் கதவைத் திறந்து விட்டவன் நான். “நீங்க சொன்னதைத்தான் சார் செஞ்சேன்” என்றார் பெரியவர். “சீதோஷ்ணம் சரியில்லை” என்று சொல்லிவிட்டு வந்தேன். அது பொய் என்று அன்றே எனக்குத் தெரியும்.

அவர் இப்போது இல்லை. ஊர் திரும்பியதும் அவர் மகனைப் பார்த்து, தவறு என்னுடையது என்று சொன்னேன். “அப்பாவுக்குத் தெரியும் சார்” என்றார்.

இனி, கேட்ட கேள்விக்கு வருகிறேன். வலை கட்டும் சிலந்தி, பறக்கும் அந்துப்பூச்சியையும் தத்துப்பூச்சியையும் பிடிக்கும். வலை கட்டாத ஓநாய்ச் சிலந்தி, தண்ணீரை ஒட்டி அடித்தூரில் ஓடிப் புகையானைப் பிடிக்கும். சிலந்தி இல்லாத வயலில், தூருக்கு ஒரு புகையான் இருந்தாலே நடவடிக்கை வேண்டும். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால், தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். அந்த எல்லையைத் தாண்டினால், முதலில் தண்ணீரை வடியுங்கள். யூரியாவை நிறுத்தி வையுங்கள். மருந்து தேவைப்பட்டாலும் பைரித்ராய்டு வகையைத் தொடாதீர்கள். உங்கள் பகுதி வேளாண்மை அலுவலரிடம் கேட்டு அடியுங்கள்.

நாளைக் காலை வயலில் இறங்கி, அங்கங்கே பத்துக் குத்துகளை விலக்கி, புகையான் எத்தனை, சிலந்தி எத்தனை என்று எண்ணுங்கள். இரண்டு எண்ணிக்கையையும் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் பேசுவோம்.